214-ஆம் நாள் எங்கே?

கேமரா கேள்வி - பதில்

போன வருடம் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை தினமும் என்னை நானே ஒரு படம் எடுத்துக்கொண்ட கதையைச் சென்ற இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். எதிர்ப்பக்கத்தில் அத்தனை படங்களையும் குட்டிக் குட்டிக் கட்டங்களாகப் போட்டிருந்தார்கள். கல்யாண வீட்டில் ஃபிளாஷ் அடிக்கலாமா, லென்ஸில் பூஞ்சை பிடித்தால் என்ன செய்வது என்று வழக்கமாக வரும் கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு இந்த முறை முழுக்க இதுதான். இவ்வளவு கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"365 நாள்" என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். நான் ஓய்வுபெற்ற தணிக்கையாளன், பழக்கதோஷம், உட்கார்ந்து எண்ணிவிட்டேன். முகம் இருக்கும் கட்டம் 345. பத்தொன்பது கட்டம் சாம்பல் நிறம், ஒன்று மட்டும் கறுப்பு. இருபது நாள் கணக்கு எங்கே?
– ஒரு வாசகர், கரூர்

மாட்டிக்கொண்டேன் சார். யாராவது ஒருவர் எண்ணுவார் என்று தெரியும், தணிக்கையாளர் எண்ணுவார் என்று நினைக்கவில்லை.

முதலில் சாம்பல் 19. அவை எடுத்த படங்கள்தான், ஆனால் கையில் இல்லை. 131-ஆம் நாள் முதல் 149-ஆம் நாள் வரை, அதாவது மே 11 முதல் 29 வரை. போன் தொடுதிரை வேலை செய்யவில்லை என்று ஒரு கடையில் கொடுத்தேன். "ரீசெட் பண்ணணும், பேக்கப் இருக்கா அக்கா?" என்று அந்தப் பையன் கேட்டான். எல்லாம் தானாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்ற தைரியத்தில் "இருக்கு, பண்ணுப்பா" என்றேன். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி மே 10-ஆம் தேதியே நிரம்பிவிட்டது, அதற்கான எச்சரிக்கையை நானே இரண்டு முறை விரலால் தள்ளிவிட்டிருக்கிறேன் என்பது ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பையன் மேல் ஒரு தப்பும் இல்லை. நல்லவேளையாக, படத்தோடு கூடவே ஒரு நோட்டில் தினம் ஒரு வரி எழுதும் வழக்கம் இருந்தது. "138: கண் வீங்கியிருக்கு, ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை" என்பது மாதிரி. முகம் போய்விட்டது, வரி இருக்கிறது. அதனால் சாம்பல்.

கறுப்பு வேறு கதை. 214-ஆம் நாள், ஆகஸ்ட் 2. அன்றைக்கு எடுக்கவே இல்லை. மறுநாள் ஆடிப்பெருக்கு, தஞ்சாவூர்ப் பக்கம் அம்மா வீட்டுக்கு ராத்திரி பஸ். காலையில் மூட்டை கட்டும் அவசரத்தில், பஸ்ஸில் உட்கார்ந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பெருங்களத்தூர் நெரிசலில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது, கண்ணை ஒரு நிமிடம் மூடினேன். விக்கிரவாண்டி பக்கம் டீக்கு நிறுத்தியபோது மணி 1:20. தேதி மாறிவிட்டது. டீ கூடக் குடிக்கத் தோன்றவில்லை.

அப்புறம் ஆறுதலுக்கு ஆள் தேடினேன். டெசிங் ஷே என்ற தைவான்காரர், 1980 ஏப்ரல் 11 முதல் ஒரு வருடம், நியூயார்க்கில் தன் அறையில் ஒவ்வொரு மணி நேரமும் தொழிற்சாலையில் அட்டை குத்துவார்களே அந்த மாதிரிக் கடிகாரத்தில் அட்டை குத்தி, குத்திய ஒவ்வொரு முறையும் 16 எம்எம் ஃபிலிமில் தன்னை ஒரு ஃபிரேம் எடுத்துக்கொண்டார். ராத்திரி பகல் கிடையாது, 8,760 மணி நேரம். தொடங்கும்போது மொட்டை அடித்துக்கொண்டதால் தலைமுடியே காலண்டர் மாதிரி வளர்ந்துகொண்டு போகும். அதில் 133 முறை தவறவிட்டார். தவறவிட்டதையும் ஏன் என்பதையும் வகை பிரித்துக் கணக்காக எழுதி வைத்திருக்கிறார்: 94 முறை தூங்கிப்போனது, 29 முறை தாமதம், 10 முறை சீக்கிரமே குத்திவிட்டது. நானும் அந்த 94-இன் கட்சி.

பாஸ்டனில் கார்ல் பேடன் என்ற புகைப்படப் பேராசிரியர் 1987 பிப்ரவரி 23 அன்று தினம் ஒரு முகப்படம் எடுக்கத் தொடங்கினார். ஒரே பின்னணி, ஒரே வெளிச்சம். பல பத்தாண்டுகளில் அவர் விட்டது 1991 அக்டோபர் 15 என்ற ஒரே ஒரு நாள். மறந்துபோனாராம். அந்தத் தேதி இன்றைக்கு அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். எடுத்த நாட்களின் தேதி யாருக்கும் தெரியாது!

மறுநாள் இரண்டு படம் எடுத்து ஒன்றை முந்தின நாளுக்கு வைத்தால் யாருக்குத் தெரியும் என்று வீட்டில் கேட்டார்கள். எனக்குத் தெரியுமே. ஒன்றை அப்படி ஒட்டிவிட்டால் அதற்கப்புறம் மற்ற 364-ஐயும் நானே நம்பமாட்டேன். ஆனால் "365 நாள்" என்ற தலைப்பு தப்புதான், ஆசிரியர் குழுவிடம் சொல்லிவிட்டேன்.

என்ன கேமரா அக்கா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

போன். நாலு வருடப் பழசு. பின்பக்கக் கேமரா, செல்ஃபி கேமரா இல்லை. ஏன் என்பது கீழே வருகிறது.

போனில் எடுத்தால் என் மூக்கு கொழுக்கட்டை மாதிரி இருக்கிறது. கண்ணாடியில் நன்றாகத்தான் இருக்கிறேன். போன் கோளாறா, என் கோளாறா?
– வாசகி, ஈரோடு

இரண்டும் இல்லை, தூரத்தின் கோளாறு. கையை நீட்டிப் பிடித்தால் போன் முகத்திலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடியில் இருக்கும். அந்தத் தூரத்தில் மூக்கு லென்ஸுக்குப் பக்கம், காது தூரம், அதனால் மூக்கு உப்பி, காது பின்னால் ஓடிவிடும். 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 30 செ.மீ. தூரத்தில் எடுத்தால் மூக்கின் அகலம், ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுப்பதைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. மூக்கைச் சின்னதாக்கித் தாருங்கள் என்று செல்ஃபியைக் காட்டிக்கொண்டு வருகிறவர்கள் அதிகமானதால் போட்ட கணக்கு. போனை எங்காவது சாய்த்து வைத்து, ஐந்தடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில் டைமர் போட்டு எடுங்கள். கொழுக்கட்டை கரைந்துவிடும்.

கண்ணாடி விஷயம் இன்னொன்று. நீங்கள் தினமும் பார்ப்பது இடவலம் மாறிய முகம், வகிடு எதிர்ப்பக்கம் இருக்கும். அதற்குத்தான் கண் பழகியிருக்கிறது. 1977-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். தன் முகத்தின் நேரான படம், கண்ணாடிப் படம் இரண்டையும் காட்டினால் அவரவர்க்குக் கண்ணாடிப் படம்தான் அதிகம் பிடித்தது, அவர்களுடைய சிநேகிதர்களுக்கோ நேரான படம் பிடித்தது. ஆக உங்களுக்குப் பிடிக்காத அந்தப் படம் ஊருக்குப் பிடித்த படம். முதல் இரண்டு மாதம் எனக்கும் என் முகம் யாரோ சித்தி பெண் மாதிரிதான் இருந்தது.

எனக்கு 58 வயது. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து வெளியே வந்தேன். உங்கள் பக்கத்தைப் பார்த்ததும் ஆசை வந்தது. பையன் "இந்த வயசுல செல்ஃபியா" என்று சிரிக்கிறான். என் மாமியார் (84) அடிக்கடி போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்கிறார்.
– வாசகி, திருநெல்வேலி

டீச்சர், பையனுக்கு ஒரு பெயரைச் சொல்லுங்கள்: உம்ராவ் சிங் ஷெர்கில். ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் அப்பா, 1870-இல் பிறந்தவர், 1954 வரை இருந்தவர். இளமையிலிருந்து தாடி நரைக்கும் வரை தன்னைத் தானே எடுத்துக்கொண்டே இருந்தார். தலைப்பாகையோடு, புத்தகத்தோடு, வேட்டி மாதிரி ஒன்றை மட்டும் கட்டிக்கொண்டு யோகாசனத்தில் என்று விதவிதமாக. செல்ஃபி என்ற சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது 2013-இல்தான். அதற்கு நூறு வருடம் முந்தியே நம் நாட்டில் ஒருவர் நிதானமாக அதைச் செய்துகொண்டிருந்தார்.

மாமியாருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் பாட்டியும் அதையேதான் சொல்வார், அவர் 91 வரை இருந்தார், மொத்தமே நாலு போட்டோ. அதனால் வாதத்தில் அவர் பக்கம்தான் ஆதாரம் இருக்கிறது! ஒன்று செய்யுங்கள், முதல் நாள் அவரையும் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். அதற்குமேல் எதிர்ப்பு வராது என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். புடவை மாற்றி, பவுடர் போட்டு, தலைவாரித்தான் எடுப்பேன் என்று இறங்காதீர்கள். இருபது நாளில் அலுத்துவிடும். நைட்டி என்றால் நைட்டி. 1839-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் விளக்குக் கடைக் குடும்பத்து இளைஞர் ராபர்ட் கொர்னீலியஸ் எடுத்துக்கொண்ட படம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தன்முகப் படங்களில் ஒன்று. தலை கலைந்திருக்கிறது, ஆள் நடுவில்கூட இல்லை, ஓரமாக இருக்கிறார். அதனால்தானோ என்னவோ நேற்று எடுத்த மாதிரி இருக்கிறது.

தினம் ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே உயரம் எப்படி வைத்தீர்கள்? ஸ்டுடியோ லைட் வாங்கினீர்களா?
– புகைப்பட ஆர்வலர், சேலம்

செலவு 150 ரூபாய் போன் ஸ்டாண்ட் ஒன்று, ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு.

எங்கள் கூடத்தில் கிழக்குப் பார்த்த ஜன்னல். அதன் திண்டில் போன், ஐந்தடி தள்ளி நான், எனக்குப் பின்னால் சுவர், சுவரில் தினசரி காலண்டர். நேரம் காலை 7:10, பால் பொங்கி இறக்கிய கையோடு. முதலில் போனை ஒரு எவர்சில்வர் டப்பாவில் சாய்த்து வைத்தேன், அந்த டப்பாவில் உளுந்து தீர்ந்தால் அது சமையலறைக்குப் போய்விடும், மறுநாள் வேறு உயரத்தில் வேறு டப்பா. அதற்குத்தான் ஸ்டாண்ட். நிற்கும் இடத்துக்குச் சாக்பீஸில் கோடு போட்டேன், வீடு துடைக்கும்போது போய்விட்டது. அதன் பிறகுதான் பொட்டு: தரையில் இரண்டு, கட்டைவிரலுக்கு ஒன்றாக. மூன்றாவது பொட்டு ஜன்னல் கம்பியில், லென்ஸுக்கு நேர் மேலே. கண் எப்போதும் அதைப் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது பொட்டுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், பார்வை ஓடினால் எவ்வளவு சரியாக நின்றாலும் படத்துக்குப் படம் முகம் ஆடும். தரைப் பொட்டு வாரம் ஒரு முறை உதிரும், மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

வெளிச்சத்தை ஒரே மாதிரி வைக்க முடியவில்லை, வைக்க முயன்றதுதான் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. ஜனவரியில் வெயில் என் வலது கன்னத்தில் விழுந்தது. ஏப்ரலில் நேராக வந்து கண் கூசியது, மாமனாரின் பழைய வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டினேன், அதுதான் என் ஸ்டுடியோ லைட். ஜூனில் பார்த்தால் வெயில் இடது கன்னத்துக்குப் போய்விட்டது. உத்தராயணம், தட்சிணாயனம் என்று சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த சொல், சூரியன் வடக்கே போய்த் திரும்புவது, என் கன்னத்தில் நடந்துகொண்டிருந்ததை ஜூலையில் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. வேட்டியைக் கழற்றிவிட்டேன்.

நான் 73 நாள் எடுத்தேன். அதற்குமேல் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. விட்டுவிட்டேன். புது யோசனை எங்கிருந்து வரும்?
– வாசகர், புதுச்சேரி

உங்கள் கடிதத்தோடு அனுப்பிய படங்களைப் பார்த்தேன். முதல் இருபது நாள் நீங்கள் நேராக நின்று ஒரே மாதிரி எடுத்திருக்கிறீர்கள், பிறகு குடைக்குள்ளிருந்து ஒன்று, தோசைக்கல்லில் பிரதிபலிப்பு ஒன்று (அது பிரமாதம்), கோலமாவை முகத்தில் பூசி ஒன்று என்று ஆரம்பித்து, மறுபடி நேராக நின்று, மறுபடி வேடம். இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

ஒரே மாதிரி எடுக்கிறவருக்கு யோசனையே வேண்டாம். பல் தேய்க்க யோசனையா தேவைப்படுகிறது? தினம் ஒரு புதுமை செய்கிறவருக்குத் தினம் ஒரு மணி நேரமாவது வேண்டும், வாரத்துக்கு ஏழு கற்பனை வேண்டும், அது முழுநேர வேலை. இணையத்தில் 365 நாள் படம் என்று ஜனவரியில் கிளம்பும் கூட்டம் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்தான், மார்ச்சில் பாதிப் பேரைக் காணோம். எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் முதல் நாளே முடிவு செய்யுங்கள். என் கட்சியைக் கேட்டால் முதல் ரகம். சோம்பேறிகளுக்கு ஏற்றது, அதனால் முடியும்.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. ஜேமி லிவிங்ஸ்டன் என்ற நியூயார்க்காரர் 1979 மார்ச் 31 முதல் தினம் ஒரே ஒரு போலராய்டு எடுத்தார். தன் முகம்தான் என்றில்லை, அன்றைக்குக் கண்ணில் பட்டது எதுவானாலும் சரி, ஆனால் ஒன்றுதான், இரண்டாவது கிடையாது. 1997 அக்டோபர் 25 அன்று நோயில் இறக்கும் வரை எடுத்தார். பெரும்பாலானவை சாப்பாட்டு மேசை, நண்பர்கள், தெரு. உங்கள் தோசைக்கல் அதில் சேரும்.

தினமும் இன்ஸ்டாவில் போட்டீர்களா? எத்தனை லைக்?
– வாசகர், மதுரை

போடவில்லை. போட்டிருந்தால் நாற்பதாம் நாளிலிருந்து லைக் வாங்கும் முகத்தைத்தான் எடுத்திருப்பேன். போடுகிறவர்கள் குறைந்தபட்சம் படத்தில் இடம் பதிவாகும் வசதியையாவது அணைத்துவிடுங்கள். தினம் ஒரே நேரம், ஒரே ஜன்னல் என்றால் வீட்டு விலாசத்தை ஊருக்கே கொடுத்த மாதிரி.

வீடியோவாக்கினால் எவ்வளவு நேரம் ஓடும்?
– வாசகர், கோயம்புத்தூர்

நொடிக்கு 24 படம் என்றால் 15 நொடி. ஒரு வருட உழைப்பு, கொட்டாவி விடும் நேரத்தில் முடிந்துவிடும். நொடிக்கு ஆறு வைத்தால் ஒரு நிமிடம், அதுதான் கண்ணுக்குச் சுகம். இரண்டு கருவிழிகளையும் எல்லாப் படத்திலும் ஒரே புள்ளியில் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் முகம் சாமியாடும். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. மொத்தப் படமும் ஒன்றரை ஜிபிகூட வராது, ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும். பத்தொன்பது நாளைத் தொலைத்தவள் சொல்கிறேன், மூன்று இடத்தில் வையுங்கள். வாட்ஸாப்பில் உங்களுக்கே அனுப்பி வைப்பதாக இருந்தால் டாக்குமென்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

ஒரு வருடத்தில் முகத்தில் வயசு தெரிந்ததா? உண்மையைச் சொல்லுங்கள்.
– வாசகி, வேலூர்

இல்லை. ஏமாற்றம்தான். கண்ணாடி மாறியது, முடியைக் குறைத்தது, ஆடி மாதம் காய்ச்சலில் கொஞ்சம் இளைத்தது, தீபாவளிக்கு அதை மீட்டது, அவ்வளவுதான். நோவா கலினா என்ற அமெரிக்கர் 2000 ஜனவரி 11 முதல் எடுத்து, 2006-இல் 2,356 நாட்களை வீடியோவாக்கி வெளியிட்டார். ஆறு வருடத்துக்கே அதில் முடியும் பின்னால் இருக்கும் அறைகளும்தான் மாறுகின்றன, முகம் அப்படியே இருக்கிறது. 2020-இல் இருபது வருடத்தையும் சேர்த்துப் போட்டபோதுதான் வயது தெரிந்தது.

ஆனால் என் படங்களில் ஒன்று மாறியது, அதை நான் திட்டமிடவே இல்லை. பின்னால் தொங்கும் காலண்டர். ஜனவரியில் செங்கல் மாதிரித் தடியாக, சுவரிலிருந்து துருத்திக்கொண்டு, என் தோளுக்குப் பக்கத்தில் நிழல் விழ இருக்கிறது. தீபாவளிக்குள் அந்த நிழல் காணாமல் போகிறது. டிசம்பர் கடைசியில் அட்டையில் சாமி படமும் நாலு தாளும். தாள் கிழிப்பது எங்கள் வீட்டில் மாமியாரின் உரிமை, எழுந்ததும் முதல் வேலை, யாரும் தொடக்கூடாது. அவர் ஊருக்குப் போயிருந்த ஒன்பது நாளும் அதே தேதி நிற்கிறது. நவம்பர் மழையில் காலண்டருக்கு மேலே ஓதம் ஏறிய கறை ஒன்று உள்ளங்கை அளவில் வந்து, டிசம்பரில் தட்டு அளவு ஆனது. பெயின்டரிடம் அந்த நாற்பது படத்தை ஓட்டிக் காட்டினேன், எங்கிருந்து கசிகிறது என்று உடனே சொல்லிவிட்டார். வீடியோவால் கிடைத்த ஒரே நேரடி லாபம்.

இதைப் பெரிய படமாகப் பிரிண்ட் போட்டு மாட்ட நினைக்கிறேன். 365 கட்டத்தை எப்படி அடுக்குவது? எப்படிப் போட்டாலும் மிச்சம் விழுகிறது.
– வாசகர், ஓசூர்

விழும். 365 என்பது ஐந்தால் வகுபடும், 73-ஆல் வகுபடும், வேறு வழியில்லை. 73 கட்டம் நீளம், 5 கட்டம் உயரம் என்றால் ரயில் பெட்டி மாதிரி இருக்கும். பத்திரிகையில் வந்த முறைதான் எனக்குத் தெரிந்து நல்லது: மாதத்துக்கு ஒரு வரிசை, 12 வரிசை, ஒவ்வொன்றிலும் 31 கட்டம். மொத்தம் 372, பிப்ரவரியில் மூன்றும் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பரில் ஒவ்வொன்றும் காலியாக ஏழு கட்டம் தானாக விழும். கட்டத்துக்கு இரண்டு அங்குலம் வைத்தால் ஐந்தடி இரண்டங்குல நீளம், இரண்டடி உயரம். சோபாவுக்கு மேலே மாட்டக் கச்சிதம். காலிக் கட்டங்களை வெள்ளையாக விடுங்கள்.

கடைக்காரரிடம் இதை வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள். நான் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் பிரிண்டைப் பிரித்துப் பார்த்தால் சாம்பல் எல்லாம் சரியாக இருந்தது, கறுப்பு மட்டும் இல்லை. ஆகஸ்ட் வரிசையில் இரண்டாவது கட்டத்திலும் நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கணம் நிஜமாகவே குழம்பிவிட்டேன், எடுத்துத்தான் இருக்கிறேனோ என்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தபோது, பின்னால் காலண்டரில் 1 என்று இருந்தது. முதல் கட்டத்திலும் 1.

"ஒரு படம் மிஸ்ஸாகி பிளாக்கா வந்துச்சுக்கா, நான்தான் முந்தின நாள் படத்தை எடுத்து ஃபில் பண்ணினேன்" என்றான் கம்ப்யூட்டரில் இருந்த தம்பி, பெருமையாக. திரும்பவும் கறுப்பாகவே அடித்துக் கொடுக்கச் சொன்னேன். "கறுப்புக்கு இங்க் நிறைய இழுக்கும்க்கா" என்று முனகிக்கொண்டே அடித்தான்.